இன்னொரு பச்சை ஜாடி

பொய்ப்பல் செய்து பிழைக்கிற ஒருத்திக்கு அசல் பொருள்களின் மேல் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? பல்செட்டம்மாவின் முன்னறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தெரியும். சோபாவில் உட்கார இடம் இருக்கும், ஆனால் கையை நீட்டிப் பேச இடம் இருக்காது. ஜன்னல் விளிம்பு, டி.வி.க்குப் பின்னால் இருக்கும் பலகை, செருப்பு அலமாரியின் தலை, எங்கே பார்த்தாலும் பழைய கண்ணாடிப் பூ ஜாடிகள். நீலம், தேன் நிறம், புகை நிறம், திராட்சைச் சாறு போல ஒன்று. எதிலும் பூ கிடையாது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி ஆசையாக ஒரு ரோஜாவைக் கொண்டுவந்து சொருகப் போனாள். "ஐயோ, அதுல போடாதீங்க" என்று இவள் போட்ட சத்தத்தில் அந்தம்மா ரோஜாவோடு வீட்டுக்குத் திரும்பியவள்தான், அப்புறம் பூவோடு வந்ததில்லை.

பல் மருத்துவர்களுக்கு செட் செய்து கொடுக்கும் ஒரு மாடிக்கூடத்தில் அவளுக்கு வேலை. நோயாளியின் வாயில் எடுத்து மருத்துவர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் சக்கரத்தில் மெருகேற்றுவாள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவளைக் கேட்க வேண்டும். டீ குடிக்கிறவர் வெள்ளை, சிகரெட் பிடிக்கிறவர் வெள்ளை, பயந்து பயந்து பல் தேய்க்கிறவர் வெள்ளை. முன்பல் இரண்டையும் அவள் ஒருபோதும் நேராக நட மாட்டாள். ஒன்றை மயிரிழை சாய்ப்பாள். "நேரா இருந்தா பொய்னு தெரிஞ்சிடும்" என்பாள். கட்டினவளுக்கே தெரியாமல் பல்செட்டோடு குடும்பம் நடத்துகிற ஆண்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்பது அவளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர். பகல் முழுக்க மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பவர். அதனால் வீட்டில் சாப்பிடும்போதும் யாராவது குழம்பை வேகமாக ஊற்றினால் அவர் வலது கால் தானாக பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும். நல்ல மனுஷன். ஜாடிகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்து உண்டு: "இடிக்காம நடக்கணும்."

எல்லாம் ஒரு பச்சை ஜாடியில் ஆரம்பித்தது. வயதான ஒரு பல் மருத்துவர் கிளினிக்கை மூடும்போது, மேஜை மேல் பேனா போட்டு வைத்திருந்த ஜாடியை, "இதையும் எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று இவள் தலையில் கட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து கல்லுப்பும் வினிகரும் போட்டுக் குலுக்கிக் கழுவினாள். மை கரைந்தது. உள்ளே கடல் தெரிந்தது என்று சொல்லலாம், ஆனால் அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. "பாசி பிடிக்காத குளம் மாதிரி இருந்துச்சு" என்றாள். வாய் மடிப்பு மடிப்பாக விரிந்து, உடம்பு இடப்பக்கமாக ஒரு சுற்று முறுக்கி, பாதத்தில் ஒரே ஒரு காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு நின்றது.

அந்த ஜாடிக்குப் பின்னால் தொங்கவிட ஒரு மெல்லிய திரைச்சீலை தேடித்தான் அவள் கர்ட்டன் கடைக்குப் போனாள். நிறம் பார்க்க ஜாடியையே பையில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கடைக்கார அம்மாள் துணியை அளக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு, ஜாடியை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். அடியில் இருந்த கரடுமுரடான வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இதுதான் தொப்புள். ஊதிச் செஞ்சவன் கம்பியிலேர்ந்து உடைச்சு எடுத்த எடம். அச்சுல ஊத்தினதுக்கு இது இருக்காது. உடம்புல கோடு இருக்கும்." பிறகு விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது தனியாப் பொறந்தது இல்ல, தெரியுமா? ரெட்டை. இது இடப்பக்கம் முறுக்கியிருக்குல்ல? இன்னொண்ணு வலப்பக்கம் முறுக்கியிருக்கும். பலகைக்கு ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நிக்கணும்."

அதுவரை பல்செட்டம்மாவிடம் ஒரு அழகான ஜாடி இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஒரு பாதி ஜாடி மட்டும்தான் இருந்தது. ஒருத்தரை ஏழையாக்க அவரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

கர்ட்டன் கடை அம்மாள் சீக்கிரமே கர்ட்டன் அக்கா ஆனாள். வீட்டுக்கு வந்தாள். ரெட்டையைத் தேடுகிற சாக்கில் அதற்குள் சேர்ந்துவிட்ட ஜாடிகளை இவள் உயர வரிசையில் நிறுத்தியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னடி பல்லு இது, மருந்துக்கடை மாதிரி? இருமல் மருந்து ஒரு பாட்டில் குடுன்னு கேக்கத் தோணுது."

உயரமானதைப் பின்னுக்குத் தள்ளி, குட்டையை முன்னால் இழுத்து, நீலத்தையும் பச்சையையும் பிரித்து, தேன் நிறத்தைச் சாயங்கால வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றினாள். பல்செட்டம்மாவுக்குத் தன் வீடே ஏதோ பணக்காரச் சொந்தக்காரர் வீடு போல ஆகிவிட்டது. பச்சை ஜாடியை மட்டும் அக்கா ஜன்னல் விளிம்பின் இடது ஓரத்தில் வைத்தாள். வலது ஓரம் காலி. "அது அவன் எடம். வர்ற வரைக்கும் அங்க எதையும் வைக்காதே." மாஸ்டர் ஒரு நாள் அங்கே வண்டிச் சாவியை வைத்துவிட்டு ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் போவார்கள். வாரநாளில் கார்கள் நிற்கும் திடலில் அன்றைக்குத் தார்பாய்கள் விரித்திருக்கும். உடைந்த மிக்ஸி, பொம்மைக் கை, கடிகாரம், நடுவில் எங்கேயாவது கண்ணாடி. பழைய சாமான் வியாபாரிகளுக்கு ஜாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாங்குகிறவர் முகத்தைப் பற்றி எல்லாம் தெரியும். கண் பளிச்சிட்டால் விலை ஏறிவிடும். அதற்காக இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்திக்கு ஒன்று பிடித்துப்போனால், சூடு பட்டதுபோல் அதை உடனே கீழே வைத்துவிட்டு வேறு எதையாவது பார்க்க வேண்டும். மற்றவள் அதைக் கையில் எடுத்துச் சோதிப்பாள். சரக்கு நல்லதாக இருந்தால் வாயில் வந்தபடி திட்டுவாள். நிஜமாகவே கோளாறு இருந்தால் புகழ்வாள். திட்டினால் வாங்கலாம். புகழ்ந்தால் விட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

திட்டுவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

"என்னய்யா இது, வாயைப் பாரு, பல்லு போன கெழவி மாதிரி. உள்ள பால் மாதிரி வெள்ளை வேற படிஞ்சிருக்கு. இதை யாரு வீட்டுல வைப்பா? கொசு கூட முட்டை போடாது."

வியாபாரி வாடிப்போய் விலையைக் குறைப்பார். பல்செட்டம்மா வேண்டாவெறுப்பாக, ஏதோ பாவம் பார்த்து வாங்குகிறவள்போல வாங்குவாள். பஸ் ஏறியதும் இருவரும் சிரித்துத் தீர்ப்பார்கள். வாரம் முழுக்கப் பொய்ப்பல்லில் குறை வைத்து அதை நிஜமாக்குகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் நிஜ ஜாடிக்குப் பொய்க்குறை சொல்லும் கூட்டணியில் இருந்தாள். உலகத்தில் அக்காவைப் போல நம்பிக்கையான ஆள் அவளுக்கு வேறு யாரும் கிடையாது. சேர்ந்து பொய் சொன்னவர்களுக்குள் வரும் நம்பிக்கை கல்யாணத்தில்கூட வருவதில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. விட்டுவந்த பொருளைப் பற்றிப் பிறகு பேசக் கூடாது. அது அக்கா போட்ட விதி. "போனதைப் பத்திப் பேசினா தூக்கம் கெடும்."

ஒரு ஞாயிறு, நிறைய பைகள் வைத்த கோட்டு போட்ட ஒரு வியாபாரியின் தார்பாயில், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் அது நின்றது. பச்சை. மடிப்பு வாய். வலப்பக்கமாக ஒரு சுற்று முறுக்கிய உடம்பு.

பல்செட்டம்மா குனிந்தாள். எடுத்தாள். பாதத்தைப் பார்த்தாள். குமிழி. உடனே வைத்துவிட்டாள். வழக்கப்படி திரும்பி, பக்கத்தில் கிடந்த ஒரு சுவர்க் கடிகாரத்தைத் துளைத்துவிடுவதுபோல் பார்த்தாள். அதில் முள்ளே இல்லை. பின்னால் அக்கா ஜாடியை எடுக்கிற சத்தம், நகத்தால் தட்டுகிற சத்தம், தொப்புளைத் தடவும்போது வருகிற அந்தச் சின்ன உரசல். 'திட்டு' என்று மனதுக்குள் கெஞ்சினாள். 'கெழவின்னு சொல்லு. கொசுன்னு சொல்லு.'

"அடடா" என்றாள் அக்கா. "எவ்வளவு அழகு! இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல."

வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்து விலையை ஏற்றினார். பல்செட்டம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். விதி அதுதான். போலி, அல்லது எண்ணெய் தடவி மறைத்த பழுது, அல்லது ஒட்டுப்போட்ட கழுத்து. என்னவென்று கேட்கக் கூடாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா கைக்குட்டையை நீட்டினாள். ஒரு புதினா மிட்டாயையும் பிரித்துக் கொடுத்தாள்.

"விடுடி. வரும். வர்றப்போ வரும்."

அதற்குப் பிறகு அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கரையான் மருந்து அடித்திருக்கிறாளாம், வாடை போகவில்லையாம். பல்செட்டம்மா அதையும் நம்பினாள். ஜன்னலைத் திறந்து வை, கிண்ணத்தில் வினிகர் ஊற்றி வை என்று யோசனைகூடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகள் எப்போதும்போல நடந்தன. பச்சை எதுவும் வரவில்லை.

மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"உன் பச்சை ஜாடியை அக்காவுக்குக் குடுத்துட்டியா?"

"ஏன்? அந்தா இருக்கு."

"அப்ப அவங்க வீட்டுல இருக்கிறது? இன்னைக்கு அந்தத் தெருவுல ஒரு பொண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக்குடுத்தேன். அது என்னைக் கொண்டுபோய் அவங்க ஜன்னலுக்கு நேரா நிறுத்திட்டு, எஞ்சினை அணைச்சுட்டு அழ ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு வேற என்ன வேலை? ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அச்சு அசல் உன்னோடதுதான். ஆனா முறுக்கு எதிர்ப்பக்கம். அதுவும் ரிவர்ஸ்ல போட்ட மாதிரி."

அவள் கையில் இருந்த கரண்டி பாத்திரத்தில் மோதியது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

"ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லங்க. சாப்பிடுங்க."

மறுநாள் வேலை முடிந்து நேராகப் போனாள். வாசலில் கரையான் மருந்து வாடை இல்லை. எப்போதுமே இருந்திருக்காது. கதவைத் திறந்த அக்காவின் முகம் ஒரு நொடி விலை ஏற்றுகிற வியாபாரியின் முகமாக இருந்தது. பிறகு அக்காவின் முகமாகிவிட்டது.

"வாடி. சொல்லாம வந்துட்டே?"

அறை முழுக்கக் கனமான திரைகள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெள்ளை வலைத்துணி. அதற்கு முன்னால், தனியாக, பக்கத்தில் வேறு எதையும் அண்டவிடாமல் அந்த ஜாடி. எப்படி வைத்தால் அழகு என்று தெரிந்த கை வைத்திருந்தது. பல்செட்டம்மா அதை எடுத்துக் கவிழ்த்தாள். தொப்புள் அசல். உள்ளே விரலை விட்டுத் துடைத்தாள். எண்ணெய் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தாள். பால் இல்லை, விரிசல் இல்லை, ஒட்டு இல்லை. ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் அவளே ஒட்டி, மெருகேற்றி, கண்ணை மூடிக்கொண்டு மன்னித்திருப்பாள்.

"எப்போக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் திரையின் ஓரத்தை நீவிவிட்டாள். "அன்னைக்கே. உன்னை உன் ஸ்டாப்புல எறக்கிவிட்டுட்டுத் திரும்பிப் போனேன். நான் புகழ்ந்த புகழ்ச்சியில அந்த ஆளு ஒரு பைசா கொறைக்கல."

இதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பழக்க தோஷம். இத்தனை வருஷம் எல்லா வெற்றிகளையும் இருவரும் இப்படித்தான் சொல்லிச் சிரித்திருந்தார்கள்.

"நான் அழுதேனே. மிட்டாய் குடுத்தியே."

"உனக்குக் குடுக்கத்தான்டி வாங்கினேன். உன் பொறந்தநாளுக்கு."

"அது போய் ரெண்டு மாசம் ஆச்சு."

"அடுத்த வருஷம்." அது தனக்கே ஒட்டவில்லை என்று தெரிந்ததும் அக்கா குரலை உயர்த்தினாள். "அப்புறம், நான் என்ன பொய்யா சொன்னேன்? அழகுன்னுதானே சொன்னேன்? பாரு, அழகா இல்லையா? இத்தனை வருஷத்துல அந்தத் தார்பாய் முன்னாடி நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான்."

பல்செட்டம்மா ஜாடியை இன்னொரு தடவை திருப்பினாள். சிலர் உண்மையைச் சொல்லி ஏமாற்றுவார்கள் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

"என்னைப் பத்தி நீ நெனச்சியா?" அக்கா இப்போது அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "தெருவுல நின்னு வாய் வலிக்கத் திட்டுறது நானு. ஜாடி போறது உன் வீட்டுக்கு. அதை அடுக்கிக்குடுக்கிறது நானு. வர்றவங்க எல்லாம் உனக்கு என்ன ரசனைன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தராவது 'இது யாரு வச்சது'ன்னு கேட்டிருப்பாங்களா?"

இதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். பல்செட்டம்மா ஜாடியைக் கீழே வைக்காததைப் பார்த்து அக்கா இன்னொரு காரணத்தையும் எடுத்தாள். தணிந்த குரலில், ஜாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"இது கெடைச்சிட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை நீ எதுக்குடி என்கூட வருவே?"

பிறந்தநாள், உண்மை, உழைப்பு, பாசம். ஒவ்வொரு காரணமும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. கடைசியாக வந்தது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. அதற்காகவே பல்செட்டம்மாவால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நிஜமாகவும் இருக்கலாம். தனியாக இருக்கிறவள். கடை மூடினால் பேச ஆள் இல்லாதவள். ஆனால் இந்தக் குரல், இந்த நிதானம், சரியான இடத்தில் வருகிற இந்த மூச்சு, எல்லாம் தார்பாய்களுக்கு முன்னால் அவள் பக்கத்தில் நின்று ரசித்தவைதான். எதிரில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. எதிரில் நின்ற வியாபாரிகளுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் அக்கா.

மானமுள்ளவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். பல்செட்டம்மாவுக்கு மானம் நிறைய உண்டு, ஆனால் ஜாடி கையில் இருந்தது. துரோகம் வேறு, ஜாடி வேறு என்று அவள் கை முடிவு செய்துவிட்டது. அக்கா கடையிலிருந்து வந்த துணி மீதிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, வாய், கழுத்து, பாதம் என்று தனித்தனியாகச் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். வாசல் வரைக்கும் வந்தாள்.

"ரெண்டையும் ஒட்டி வைக்காதே. நடுவுல மத்த எல்லாத்தையும் எடுத்துடு. வெறும் வெளிச்சம் மட்டும் இருக்கட்டும்."

வீட்டில் பல்செட்டம்மா முதல் வேலையாக இரண்டையும் ஒட்டி வைத்தாள். நன்றாக இல்லை. சண்டை போட்டுக்கொண்டு ஒரே பஸ் இருக்கையில் மாட்டிக்கொண்டவர்கள் போல இருந்தன. சும்மா தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். கடைசியில் நடுவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தில் வைத்தாள். அழகாக இருந்தது. எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்த்ததற்கு ஒரு மாற்று குறையாமல் அழகாக இருந்தது. சந்தோஷம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி அழக்கூட வழியில்லை.

கெட்டுப்போனது மற்றவை. அன்றைக்கு ராத்திரி சமையல் ஆனதும் சோபாவில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். இதில் இருப்பவற்றையெல்லாம் அக்கா திட்டியதால் வாங்கினாள். அதில் சந்தேகம் இல்லை, எல்லாம் நல்ல சரக்கு. அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தவை இங்கே இல்லாதவை. அக்கா புகழ்ந்தவை. இவள் விட்டுவிட்டு நடையைக் கட்டியவை. புகை நிறத்தில் அகன்ற வாய்க்காரி ஒன்று. சிவப்பில் தங்க விளிம்பு வைத்த குட்டை ஒன்று. நீளக் கழுத்தோடு ஒரு மஞ்சள், கையில் எடுத்தபோது காய்ச்சல் வந்த குழந்தை போலக் கதகதப்பாக இருந்தது. அதில் எது எதில் கோளாறு இருந்தது? எது எது அக்காவுக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது? இல்லை, எல்லாவற்றிலும் நிஜமாகவே கோளாறு இருந்து, பச்சை ஒன்றில் மட்டும்தான் அக்கா சறுக்கினாளா? விட்டுவந்ததைப் பற்றிப் பேசக் கூடாது என்ற அந்த விதியை அக்கா எந்த வருஷம் போட்டாள்?

"என்ன யோசிக்கிறே? அதான் ஜோடி சேர்ந்துடுச்சே" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க. சேர்ந்துடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமாகக் கிளம்புகிற நேரத்தில் செல்போன் அடித்தது. இரண்டு தடவை அடித்து ஓயவிட்டாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்றாள் அக்கா. வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. "வர்றியா?"

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த மஞ்சள் ஜாடி. நீ அழகுன்னு சொன்னே. அதுல நெஜமாவே என்ன இருந்துச்சு?"

"எந்த மஞ்சள்?"

தப்பு ஒன்றும் நடக்காததால் அக்கா அதை மறந்திருக்கலாம். அல்லது இப்படி ஏமாற்றியவை பல இருந்ததால் எது என்று கேட்டிருக்கலாம்.

"நீளக் கழுத்து. திடீர்னு மழை வந்த அன்னைக்கு. தார்பாயை மடிச்சுக்கிட்டு இருந்தான்."

"ஓ, அதுவா? அதுல உள்ள விரிசல்டி. கழுத்துக்குக் கீழே. நான்தான் விரல் விட்டுப் பார்த்தேனே."

யோசிக்காமல், தடுமாறாமல், கழுத்துக்குக் கீழே என்று இடம் வரைக்கும் சொல்லிவிட்டாள். அந்த ஜாடியின் கழுத்துக்குள் பல்செட்டம்மாவின் சுண்டுவிரல்கூடப் போயிருக்காது. அக்கா துணியைச் சுருட்டிச் சுருட்டித் தடித்த கைக்காரி.

"பல்லு? பஸ் வந்துடுச்சுடி. இருக்கியா?"

"நீ ஏறிக்கக்கா" என்றாள் பல்செட்டம்மா.